வடக்குவாசல் சாவடிச் சுவர்

பவளத்துறையில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட வேண்டுமென்றால் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். சாயங்காலம் ஆனதும் வேலை முடிந்த சனமெல்லாம் அலையோரம் கூடிவிடும். அங்கே சுவர் கிடையாது. பகலெல்லாம் பல்லுக்குள் அடக்கி வைத்திருந்ததை அலைச்சத்தத்துக்கு நடுவே கொட்டித் தீர்ப்பார்கள். இந்தப் பக்கம் மாமியாருக்கும் மருமகளுக்கும் வாக்குவாதம், அந்தப் பக்கம் கல்யாணப் பேச்சு, நடுவில் ஒரு வாத்தியார் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார். இருட்டுவதற்குள் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்புவார்கள். வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் ஊமை.

எல்லாம் ஒலிச்சாந்து செய்த வேலை.

சிப்பிச் சுண்ணாம்போடு, கடலடியில் வளரும் ஒரு பவளப்பூச்சியைச் சேர்த்து அரைத்த சாந்து அது. காய்ந்த பிறகும் அந்தப் பூச்சியின் மயிரிழைகள் சாந்துக்குள் உயிரோடு இருக்கும். ஓசை பட்டால் சாயும். சாய்ந்தபடியே இறுகிப்போகும். அதற்கு மேல் மறுநாள் புது இழை முளைக்கும். மரத்துக்கு உள்ளே வளையம் இருப்பதுபோல், சுவருக்கு உள்ளே பேச்சு. அதைத் திரும்பக் கேட்க உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி செய்தார்கள்; சுவர்க்காது என்று பெயர். சுவரோடு ஒட்டி வைத்து அதிலுள்ள விளக்கை எரியவிட்டால், என்றைக்கோ பேசியது காதில் வந்து விழும்.

வந்த புதிதில் அதைக் கொண்டாடாதவர் யார்? வெளிநாட்டிலிருந்து வந்த மகன், அடுப்படிச் சுவரில் செத்துப்போன தாயின் திட்டைக் கேட்டு அழுதான். 'எங்கப்பா தும்மல் எங்க வீட்டுச் சுவர்ல இருக்கு' என்று பெருமையடித்தவர்கள் உண்டு. வீடு, பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில், பள்ளிவாசல், தெரு மதில் என்று ஒன்று விடாமல் பூசினார்கள். அந்த நேரம் பார்த்துப் போர் வந்தது. கடல்வழியாகச் சாம்பல் சட்டைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நகரம் முழுக்கத் தன் கையாலேயே காது வைத்துக் காத்திருந்ததைப் பார்த்து அவர்களே கொஞ்ச நேரம் நம்பவில்லை.

பிறகு சுவர்ச் சட்டம் போட்டார்கள். சட்டம் ரொம்பச் சின்னது. மனிதக் குரலாகச் சுவரில் இருப்பது நடந்தது, இல்லாதது நடக்கவில்லை. சுவரைச் சுரண்டினால் தலை போகும். சாம்பல்படையின் சரக்குக் கிட்டங்கியில் தீப்பிடித்த அன்று காய்ச்சலில் கிடந்த ஒருவன், பெண்டாட்டியிடம், "நான்தான்டி தீ வச்சேன்" என்று வீம்புக்குச் சொல்லிவைத்தான். அவன் படுக்கையை விட்டு எழவே இல்லை என்று தெருவே சாட்சி சொன்னது. சுவர் வேறு சொன்னது. கொண்டுபோய்விட்டார்கள்.

அன்றிலிருந்து நகரம் பேச்சை விட்டது.

எப்படி விடுவதென்று சொல்லிக்கொடுத்தவள் வேலம்மை. அவள் சுவர்க்கேட்பாளர். நல்ல காலத்தில் செத்தவர்களின் குரலைத் தேடிக்கொடுத்துப் பிழைத்தவள். சாம்பல்படை வந்ததும் அவளை இழுத்துத் தன் வேலைக்கு வைத்துக்கொண்டது. எது சுவரில் ஏறும், எது ஏறாது என்று அவளைப்போல் அறிந்தவர் அங்கே கிடையாது. அதனால் சாயங்காலங்களில் கடற்கரையில் உட்கார்ந்து ஊருக்குச் சொல்லிக்கொடுத்தாள். உள்ளங்கையில் விரலால் தட்டியும் கோடிழுத்தும் பேசும் விரல்பேச்சு. இருமல் வந்தால் முழங்கை மடிப்புக்குள். பாத்திரத்தைத் துணிமேல் வை. தட்டு கைதவறி விழுந்தால் உருளவிடாதே, பாய்ந்து அமுக்கு. வலி வந்தால் துண்டைக் கடி. போன வருஷம் நகரப் படைவீரன் காதர் பாட்சாவின் மனைவி ஜமீலா பிள்ளை பெற்றபோது, பக்கத்து வீட்டுக்கே மறுநாள்தான் தெரிந்தது. அவ்வளவு நன்றாகப் படித்திருந்தது ஊர்.

எல்லாரையும்விட நன்றாகப் படித்தவர்கள் வடக்குவாசல் சாவடிக்காரர்கள். சரணடைந்தபோது எழுதிய உடன்படிக்கையில், நகரம் தன் சொந்தப் படையாக ஒரே ஒரு சாவடியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். பழைய துப்பாக்கிகளும் ஒரு கொடிக்கம்பமும் கொண்ட சின்னச் சாவடி. வேலம்மையின் தம்பி சுடலைமுத்து அங்கேதான் இருந்தான்.

அந்தக் கடைசிச் சாயங்காலம் அவன் கடற்கரைக்கு வந்திருந்தான். ஈர மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, அக்கா கொண்டுவந்த சுண்டலில் பாதியைக் காலி செய்துவிட்டுச் சொன்னான்:

"யக்கா, எங்க சாவடிச் சுவர்ல ஆறு மாசமா ஒரு இருமல்கூட இல்லையாம். சாம்பல்படை ஆணையருக்கு அதனாலதான் தூக்கம் வரலையாம்."

"யாருலே சொன்னா?"

"அவரே வந்து கேட்டாருக்கா. புஸ்தகத்துல தமிழ் படிச்ச மனுஷன்லா?" சுடலைமுத்து நெஞ்சை நிமிர்த்திக் குரலை மாற்றினான். "'வீரர்காள், நீவிர் ஏன் உரையாடுவதில்லை?' அப்படின்னார். லியோனுக்குச் சிரிப்பு தாங்கல. துண்டக் கடிச்சிக்கிட்டுக் கண்ணுல தண்ணி ஊத்துது அவனுக்கு. ஆணையர், பாவம், பய அழுதான்னு நெனச்சிட்டார்."

வேலம்மையும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"ஏலே, நாளையிலருந்து என்னத்தையாவது பேசி வைங்க. குழம்புல உப்பில்லன்னாவது பேசி வைங்க."

"நல்லாருக்கே! வாயே தெறக்கப்படாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னது யாரு? இப்ப போயி திடீர்னு உப்பில்லன்னு சொன்னா, அந்த உப்புக்குள்ள என்ன ரகசியம்னு தோண்டுவானுவ."

"அங்க மறைக்க என்னலே இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதச் சொன்னா நம்புவானா?" அவன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சில் ஒரு விசில் உண்டு. எழுந்து நிற்கும்போது அது கேட்டது. "வாரேன்கா. பனி கொட்டுது, நீயும் கிளம்பு."

மறுநாள் வெயில் ஏறத் தொடங்கியபோது தெரசம்மாள் வந்தாள். லியோனின் தாய். தினமும் காலையில் சாவடிக்கு ஆப்பம் சுட்டுக்கொண்டு போகிறவள். கூடை இடுப்பில் அப்படியே இருந்தது, ஆப்பத்தின் சூடுகூட ஆறவில்லை. வேலம்மையின் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் விரலை வைத்தாள். விரல் ஓடிய வேகத்தில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

சாவடி திறந்து கிடக்கிறது. தரை முழுக்கக் கழுவி விட்டிருக்கிறது. மருந்து நெடி அடிக்கிறது. ஒருத்தரும் இல்லை. பின்பக்கச் சாக்கடை சிவப்பாக ஓடுகிறது. வலைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், சாம்பல்படைப் படகுகள் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு ஆழத்துக்குப் போயினவாம்.

வேலம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் போடவில்லை. தெரசம்மாளும் போடவில்லை. இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள், அவ்வளவுதான்.

மத்தியானம் அறிவிப்பு வந்தது. வடக்குவாசல் வீரர்கள் காவலை விட்டு ஓடிவிட்டார்கள் என்று சந்தேகிக்கப்படுகிறது. சுவர் விசாரணை நடக்கும். ஓடியது உண்மையென்றால் குடும்பங்கள் உப்புத்தீவுக்கு அனுப்பப்படும். உப்புத்தீவைப் பற்றி நான் விவரிக்கப் போவதில்லை. போகும்போது கப்பல் ஆள் நிறைந்து போகும், வரும்போது உப்பு மட்டும் வரும். அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஆக, எல்லாம் ஒரே ஒரு குரலில் தொங்கியது. சாவடிச் சுவரில் ஒரு அலறல் இருந்தால், ஒரே ஒரு 'அம்மா' இருந்தால், அவர்கள் கொல்லப்பட்டவர்கள். சாம்பல்படையே போட்ட சட்டப்படி கொல்லப்பட்டவர்கள். இல்லையென்றால் ஓடிப்போனவர்கள். கேட்டுச் சொல்ல வேண்டியவள் வேலம்மை.

விசாரணை அன்று குடும்பங்களை வெளியே தெருவில் நிறுத்திவிட்டு அவளை மட்டும் உள்ளே கூட்டிப்போனார்கள். ஆணையர் தோர்வால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைக் கையுறை. அறை சுத்தமாக இருந்தது. அளவுக்கு மேல் சுத்தமாக இருந்தது.

"அம்மையீர்," என்றார். "தங்கள் தமையன் இங்குப் பணிபுரிந்தான் என அறிவேன்."

"தம்பிங்கய்யா."

"தம்பி. ஆயினும் நீவிர் பொய்யுரைக்க இயலாது. தாங்கள் கேட்பதனை இவ்வொலிபெருக்கி வாயிலாக யானும் கேட்பேன். தொடங்குக."

அவள் சுவர்க்காதைச் சாந்தோடு வைத்து விளக்கைத் தட்டினாள். ஒவ்வொரு இழையாகப் பின்னுக்குப் போனாள். கழுவிய தண்ணீரின் சத்தம், தேய்த்த துடைப்பங்கள். அதற்கும் பின்னால். அதற்கும் பின்னால். கடைசியில் அந்த விடிகாலை வந்தது.

குழாயில் தண்ணீர் சொட்டியது. யாரோ அரிசி களைந்தார்கள். தூரத்தில் ஒரு காகம். சாம்பல்படை பூட்ஸில் துணி சுற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும், காலடி இல்லை. அவர்கள் கையில் இருந்தவை ஊமைத்துப்பாக்கிகள். சுவர்ச் சட்டம் வந்த பிறகு அவர்களே செய்துகொண்டவை. சுட்டால் ஒரு பெருமூச்சு அளவுகூடச் சத்தம் வராது.

பொத் என்று ஒன்று விழுந்தது. அரிசி களைவது நின்றது.

பிறகு இன்னொன்று. பிறகு ஒன்றன்மேல் ஒன்று.

ஒரு தட்டு விழுந்தது. எவர்சில்வர் தட்டு. கிர்ர் என்று சுழல ஆரம்பித்தது. பாதிச் சுழற்சியில் தட்டு நின்றது. தானாக நிற்கவில்லை. ஒரு கை அதை அமுக்கியிருந்தது. அறைக்குள் சாவு நடந்துகொண்டிருக்கும்போது, எவனோ ஒருவன் பாய்ந்துபோய்த் தட்டை அமுக்கியிருக்கிறான். அடுத்த பொத் அந்த இடத்திலிருந்தே வந்தது.

இது அவள் சொல்லிக்கொடுத்த பாடம்.

பிறகு சுவருக்கு ரொம்பப் பக்கத்தில், சாந்தோடு உதடு ஒட்டினாற்போல், ஒரு மூச்சு வந்தது. மூச்சுக்குள் விசில். அவள் கை தானாகச் சுவரைத் தடவியது. சுடலை இங்கேதான் வந்து சாய்ந்திருக்கிறான். அந்த மூச்சு உள்ளே போனது, நெஞ்சு நிறைய, ஒருவன் கத்தப்போகும்போது இழுப்பானே அந்த மாதிரி.

கத்துலே, என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். கத்து. எம் பேரச் சொல்லிக் கத்து.

துணி உரசும் சத்தம் கேட்டது. துண்டை வாய்க்குள் திணித்துக்கொள்ளும் சத்தம். இந்தச் சுவரை யார் வந்து கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். பேர் சொன்னால் அவளைப் பிடிப்பார்கள் என்றும் தெரியும். பிறகு சுவர் வழியாகவே ஏதோ சரிந்து இறங்கியது.

"மனிதக் குரல் உளதா?" என்று கேட்டார் ஆணையர்.

"மூச்சு இருக்கு."

"மூச்சு குரலன்று."

"ஆளுக விழுற சத்தம் இருக்குய்யா. எத்தன விழுது, கேட்டீங்கள்ல?"

"மூட்டைகளும் விழும். சட்டம் மூட்டைகளைக் கேட்பதில்லை." அவர் கையுறையைச் சரிசெய்துகொண்டார். "ஆறு திங்கள் வாய் திறவாதிருந்தனர். மறைப்பதற்கு ஏதுமில்லாதவர் இத்துணை மௌனம் காப்பரோ? யாம் ஐயுற்றது முறையே. இப்பொழுது கூறுக. குரல் உளதா, இலதா?"

"இல்ல," என்றாள் வேலம்மை. அந்த ஒரு சொல் சாவடிச் சுவரில் தெளிவாகப் பதிந்தது.

தெருவில் தீர்ப்பை யாரும் வாசிக்கவில்லை. சாம்பல்படை அதிகாரிகளும் தெருவில் வாய் திறப்பதில்லை; அவர்களுடைய பேச்சைக் கேட்க அவர்களுக்கு மேலே ஒரு கூட்டம் இருந்தது. ஒரு வீரன் வந்து பலகையை வாசற்கதவில் ஆணியடித்து மாட்டினான். *ஓடிப்போனவர்கள். குடும்பங்கள் உப்புத்தீவுக்கு.* ஆணையர் படியில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். தெரு நிறைய ஆட்கள். ஒரு செருமல் இல்லை.

தெரசம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வேலம்மையின் உள்ளங்கையைப் பிடித்தாள். லியோன் கத்தினானா என்று விரலால் கேட்டாள்.

இல்லை என்று வேலம்மை அவள் கையில் கோடிழுத்தாள்.

நல்ல பிள்ளை, என்று எழுதியது தெரசம்மாளின் விரல். அழாத குழந்தையின் முதுகில் தாய்மார்கள் எழுதுவது அது; கை பழக்கத்தில் எழுதிவிட்டது. எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று அவளுக்குப் புரிந்தது. விரலை எடுக்க முடியாமல் அந்த உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஜமீலாவின் இடுப்பில் இருந்த குழந்தை வீறிட்டது. வெயிலோ, பசியோ. ஒரே ஒரு வீறல். அடுத்ததற்குள் ஜமீலாவின் கை அதன் வாயில் இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் வேலம்மையைத் திரும்பவும் கூப்பிட்டார்கள். இது வெறும் வழக்கத்துக்கான வேலை. தண்டனைக்கு உரியவர்கள் நேரில் வந்து தீர்ப்பைப் பெற்றுக்கொண்டால்தான் தீர்ப்பு செல்லும். பெற்றுக்கொண்டதற்கும் சுவர்தான் சாட்சி. அவள் தெரு மதிலில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு ஆணையரின் அலுவலகத்துக்குப் போனாள். அந்த அறையின் நான்கு சுவரும் புத்தம்புதுச் சாந்து.

"தெருவில் யாவர் இருந்தனர்?"

"ஒரு குழந்தைங்கய்யா."

"குழந்தையுடன்?"

"யாரும் இல்ல."

ஆணையர் நிமிர்ந்தார். "நகையாடுகின்றீரோ?"

"நீங்களே கேளுங்க. காக்கா இருக்கு. ஆணி அடிச்சது இருக்கு. செருப்புச் சத்தம் இருக்கு. செருப்பு ஆளாகாதுல்ல? மனுசக் குரல்னு பாத்தா ஒரு குழந்த அழுதது மட்டும்தான்."

"தெரு நிறைய நின்றனர், அம்மையீர்! யானே என் கண்ணால்—"

அங்கே நின்றுவிட்டது அவர் பேச்சு. அவர் கண் மெதுவாக எதிர்ச் சுவருக்குப் போனது.

வேலம்மை காத்திருந்தாள். அவர் மீதியைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"சொல்லுங்கய்யா," என்றாள் தணிந்த குரலில். "சுவர்ல இல்லாத ஆளுகள நீங்க கண்ணால பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றால், சுவரில் இல்லாதவர்களும் ஓரிடத்தில் இருக்க முடியும் என்றாகும். அப்படியானால் சுவரில் இல்லாத சாவும் இருக்க முடியும். பார்க்கவில்லை என்றால், வாய்மூடிப் படியில் நின்ற அவரும் அங்கே இல்லை. ஆணையர் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நாளைக் காலை," என்றார். "குடும்பங்கள் அனைத்தும் சாவடியின் வெளிச்சுவர் முன் கூடுக. ஒவ்வொருவரும் வாய் திறந்து, 'யாம் இங்கு உளோம், தீர்ப்பைப் பெற்றோம்' என உரக்கக் கூறுக. கூறியபின் கப்பல் புறப்படும். குரல் நன்கு பதிய யாது செய்தல் வேண்டும்?"

வேலம்மை யோசித்தாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. எப்படிப் பதியாமல் இருப்பது என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"சுவரப் பாத்து நிக்கணும்யா. நல்லா நெருங்கி நிக்கணும். அடிவயித்துலருந்து பேசணும்."

"அவ்வண்ணமே செய்க."

அந்தச் சாயங்காலம் கடற்கரையில் வழக்கமான சண்டைகள் இல்லை. சாவடிக் குடும்பங்கள் வேலம்மையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அவள் சொன்னதைக் கேட்ட ஜமீலா, குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அப்ப பேசினா கப்பல். பேசலன்னா?"

"பேசலன்னா அங்கயே ஏதாச்சும் செய்வான். சத்தமில்லாமச் செய்வான்," என்றாள் வேலம்மை. "ஆனா ஒண்ணு. அவன் சொல்லச் சொன்னதத்தான் நாம சொல்லணும்னு சுவருக்குத் தெரியாது."



"சுட்ருவாங்கக்கா," என்றாள் ஜமீலா.

"அன்னைக்கு எந்தத் தைரியத்துல சுட்டாங்க? நம்ம ஆளுக கத்த மாட்டாங்கங்குற தைரியத்துல. நாம அழகாப் பழக்கி வச்சிருந்தோம். நான் பழக்கி வச்சிருந்தேன். துப்பாக்கிக்குத்தான் ஊமச்சட்ட போட்டுக்கிட்டானுவ. நமக்கு நாமளே போட்டுக்கிட்டோம்."

"கத்தினா சுட மாட்டான்னு உறுதியாச் சொல்லுதியாக்கா?"

"சொல்ல மாட்டேன். சுட்டா அது சுவர்ல இருக்கும். அத மட்டும் சொல்லுவேன்."

தெரசம்மாள் அதுவரை மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "லியோன் பொறந்தப்ப நான் போட்ட கூப்பாட்டுல ஆஸ்பத்திரியே எந்திரிச்சு நின்னுச்சுளா," என்றாள். "டாக்டரம்மா காதப் பொத்திக்கிட்டா. எம்மாமியா ரோட்டுல நின்னு, 'ஊருல எவளும் பெறாத பிள்ளையா'ன்னு ஏசினா. அந்தத் தொண்ட இப்ப எங்க போச்சுன்னு தெரியல. இங்க உக்காந்து ஒப்பாரி வைக்கேன், வருது. ஒரு சுவரப் பாத்தா அடச்சிக்கிடுதே. நாளைக்கு வருமா?"

வேலம்மை இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். தெரசம்மாளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் ஒன்றும் எழுதவில்லை.

காலையில் சாவடியின் வெளிச்சுவர் முன்னால் நிறுத்தினார்கள். வெள்ளைச் சுவர், இளவெயிலில் கண் கூசியது. எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றார்கள், மூக்கு சாந்தில் உரசும் அளவுக்கு நெருங்கி. முதுகுக்குப் பின்னால் சாம்பல்படை வரிசை. அதற்கும் பின்னால் ஆணையர். வேலம்மை மட்டும் சுவரோரமாகக் கருவியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றாள்; அவளுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. இந்தப் பக்கம் முதுகுகள். அந்தப் பக்கம் துப்பாக்கிகள்.

ஆணையர் கையை உயர்த்தித் தாழ்த்தினார். வேலம்மை தலையசைத்தாள்.

ஒன்றும் வரவில்லை.

தெரசம்மாளின் வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. காற்றுதான் வந்தது. கருவியின் கண்ணாடி வழியே தெரிந்த சுவரின் மயிரிழைகள் அசையாமல் நிமிர்ந்து நின்றன. பக்கத்தில் ஒரு கிழவரின் கை, தன்னையறியாமல் தோள்துண்டைத் தேடிப் போனது, கடித்துக்கொள்ள. வேலம்மை எட்டி அந்தத் துண்டைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

ஜமீலா தன் இடுப்பைப் பார்த்தாள். குழந்தையின் வாய்மேல் அவள் கை ஏற்கெனவே இருந்தது. எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கையை எடுத்தாள். குழந்தை ஒரு நொடி திகைத்து, பிறகு வீறிட்டது.

அதைக் கேட்டதும் தெரசம்மாளுக்குள் ஏதோ கிழிந்தது. முதலில் வந்தது சொல் இல்லை. மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சொல் வந்தது.

"லியோனே! எய்யா! இந்தச் சாவடிக்குள்ள வச்சு எம் பிள்ளையக் கொன்னாங்க! விடியக்காலம் வந்து கொன்னாங்க!"

கண்ணாடிக்குள் இழைகள் நெற்பயிர் காற்றில் சாய்வதுபோல் சாய்ந்தன. "காதர் பாட்சா!" என்றாள் ஜமீலா. "எம் புருசன் ஓடல! இங்கதான் விழுந்தாரு!" கிழவர் தன் மகன் பேரைச் சொன்னார். இன்னொருத்தி தன் அண்ணன் பேரைச் சொன்னாள். பேர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுவருக்குள் போயின. தெருக்கோடியில், தொடர்பே இல்லாத ஒரு வீட்டுக்குள்ளிருந்து யாரோ தன் வீட்டுச் சுவருக்கு நேரே அழும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த வீட்டிலும்.

துப்பாக்கிகள் உயர்ந்தன. ஒன்றும் வெடிக்கவில்லை. வீரர்கள் திரும்பி ஆணையரைப் பார்த்தார்கள். சத்தமில்லாத துப்பாக்கியால் சத்தமில்லாதவர்களைத்தான் அவர்கள் இதுவரை சுட்டிருக்கிறார்கள். இப்போது ஒருத்தி விழுந்தால் அவள் பாதிச் சொல்லோடு விழுவாள். அந்தப் பாதிச் சொல் சுவரில் நிற்கும். மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து கருவியை வைத்துக் கேட்பார்.

ஆணையர் முன்னால் வந்தார். நிறுத்துங்கள் என்று கத்துவதற்காக வாயைத் திறந்தார். சுவரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு தன் சுட்டுவிரலை எடுத்து உதட்டில் வைத்து, சத்தம் போடாதீர்கள், சத்தம் போடாதீர்கள் என்று அந்த முதுகுகளைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிக் கெஞ்சினார்.

அவர் சொல்லியபடியே எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றிருந்ததால் அந்த விரலை யாரும் பார்க்கவில்லை. வேலம்மை ஒருத்திதான் பார்த்தாள். பார்த்துவிட்டு, கருவியைக் கீழே வைத்து, அவளும் சுவர்ப்பக்கம் திரும்பினாள்.